ரீஇஷ்யூ டியூப் ஆம்ப்: டோன் எங்கே மாறுகிறது, காசு எங்கே போகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கித்தாருக்கு ஒரு டியூப் ஆம்ப் (கண்ணாடிக் குப்பி டியூப்களால் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபையர்) வாங்குவதென்றால், வாசித்துப் பார்க்க ஈப்போவுக்கோ கேஎலுக்கோ போக வேண்டும், அங்கேயும் நினைத்த மாடல் கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முக்கால்வாசி முடிவு யூடியூப் பார்த்தே எடுக்கப்படுகிறது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்று தேடினால் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடு நாலு பெட்டிகள் வந்து நிற்கின்றன: '65 ரீஇஷ்யூ (பழைய மாடலைக் கம்பெனியே திரும்பச் செய்தது), '64 கஸ்டம் ஹேண்ட்வயர்டு (கையால் வயரிங் செய்தது), '68 கஸ்டம், அப்புறம் டியூபே இல்லாத டோன் மாஸ்டர். '64-இன் விலை '65-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மார்ஷலிலும் வாக்ஸிலும் இதே கதைதான். ஒருவர் "பழைய ஒரிஜினலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை" என்கிறார், அடுத்தவர் "பிசிபி போட்டதெல்லாம் ஆம்பா?" என்கிறார். (பிசிபி என்பது வயருக்குப் பதில் செம்புக் கோடுகள் அச்சிட்ட சர்க்யூட் பலகை.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆம்பின் முகத்தில் இருக்கிற பெயரும் வருடமும் சர்க்யூட்டை மட்டும்தான் சொல்கின்றன. காதில் விழுகிற டோனில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கும், வால்யூமை எதுவரை திறக்கிறீர்கள் என்பதற்கும் போகிறது. கையால் வயரிங் செய்த மாடலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு பெரும்பாலும் ரிப்பேர் வசதிக்கும் ஆயுளுக்கும் கொடுக்கிற காசு. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

டியூபுக்குள் நடப்பது

டியூப் என்பது உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு ஹீட்டர், அது சூடாக்குகிற கேத்தோடு, அதைச் சுற்றி கிரிட் என்கிற மெல்லிய கம்பிச் சுருள், எல்லாவற்றுக்கும் வெளியே பிளேட் என்கிற உலோகத் தகடு. சூடான கேத்தோடிலிருந்து கிளம்புகிற எலக்ட்ரான்கள், நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இருக்கிற பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் இருக்கிற கிரிட் தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. கித்தாரிலிருந்து வருகிற சின்ன சிக்னல் அந்தத் திருகை ஆட்டுகிறது, பெரிய ஓட்டம் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது.

ஆம்பில் இரண்டு கட்டம். முன்னால் இருப்பது பிரீஆம்ப், அதில் சின்ன டியூப்கள், பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, இங்கிலாந்துக்காரர்கள் அதையே இசிசி83 என்பார்கள். பின்னால் பவர் டியூப்கள்: அமெரிக்க ஆம்ப்களில் 6வி6, 6எல்6, இங்கிலாந்து ஆம்ப்களில் இஎல்34, இஎல்84. பவர் டியூபுக்கு ஆயிரக்கணக்கான ஓம் பளு வேண்டும், ஸ்பீக்கரோ 4, 8, 16 ஓம்தான். இரண்டையும் பொருத்தி வைப்பது அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர். (ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு டியூப் ஆம்பை வாசித்தால் அந்த ட்ரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். இதைக் கடையில் சொல்லாமலே விற்கிறார்கள்.)

ஒரு அளவுக்கு மேல் சிக்னலைத் தள்ளினால் அலையின் உச்சி மழுங்கும், அதுதான் டிஸ்டார்ஷன். பிரீஆம்ப் மழுங்கினால் கரகரப்பு ஒரு விதம், பவர் டியூப் மழுங்கினால் சத்தம் தடித்து, குரல் மாதிரி கையின் அழுத்தத்துக்குப் பதில் சொல்கிற இன்னொரு விதம். 1950, 60களில் வந்த இந்த ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் (பிரீஆம்பைத் தள்ளிவிட்டு முடிவில் சத்தத்தை மட்டும் குறைக்கிற பட்டன்) கிடையாது. அந்த இரண்டாவது விதம் வேண்டுமென்றால் ஆம்பைச் சத்தமாக வைக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. வீடியோவில் கேட்கிற அந்த டோன், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வால்யூம் 2-ல் ஏன் வருவதில்லை என்பதற்குப் பாதி விளக்கம் இதிலேயே இருக்கிறது.

ரீஇஷ்யூ என்றால் எதைத் திரும்பச் செய்கிறார்கள்

லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதற்குப் பிறகு தரம் இறங்கியது என்று வாசிப்பவர்கள் நம்பினார்கள், அதனால் அந்த வருடத்துக்கு முந்திய பெட்டிகளின் விலை ஏறியது. 1985-ல் கம்பெனி ஊழியர்கள் கைக்கு வந்த பிறகு, 1990-ல் '59 பாஸ்மேனும் அடுத்த சில வருடங்களில் '65 ட்வின், டீலக்ஸ் ரிவெர்ப்களும் ரீஇஷ்யூவாகத் திரும்பின. மார்ஷலும் பழைய ஜேடிஎம்45, 1959 போன்றவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. இதில் 1959 என்பது மாடல் எண், வருடம் இல்லை, பல பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

சர்க்யூட் வரைபடம் ஏறக்குறைய பழையதுதான். மாறுவது அதைக் கட்டுகிற விதம். பழைய ஃபெண்டரில் கறுப்பு நார் அட்டையில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் கையால் வைத்துப் பற்றவைத்தார்கள். சாதாரண ரீஇஷ்யூவில் பிசிபி. பல மாடல்களில் பைன் பலகைக்குப் பதில் பிளைவுட். ட்ரான்ஸ்பார்மர், டியூப், ஸ்பீக்கர் எல்லாம் இன்றைய ஆலையில் செய்தவை. எர்த் உள்ள மூன்று முனை மின்கயிறு வருகிறது, அது நல்ல மாற்றம்.

மூன்று குடும்பங்கள்

மாடல்கள் ஐம்பது இருந்தாலும் அடியில் இருப்பது மூன்று குடும்பம்தான். ஒப்பிடுகிறவர்கள் அடிக்கடி குடும்பம் விட்டுக் குடும்பம் ஒப்பிட்டுவிட்டு, அந்த வித்தியாசத்தை "பிசிபி" தலையில் போட்டுவிடுகிறார்கள்.

முதல் குடும்பம் பாஸ்மேனும் மார்ஷலும். இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை. 1950களின் கடைசியில் ஃபெண்டர் விற்ற 5எஃப்6-ஏ பாஸ்மேன் உண்மையில் பாஸ் கித்தாருக்காகச் செய்தது. நாலு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்த பெட்டி. லண்டனில் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் வைத்திருந்த கடையில், 1962-ல் கென் பிரானும் டட்லி கிரேவனும் அதே சர்க்யூட்டை எடுத்துக் கையில் கிடைத்த பாகங்களால் கட்டினார்கள். அதுதான் ஜேடிஎம்45. என்னென்ன மாறியது என்று பாருங்கள்:

1. முதல் டியூப். பாஸ்மேனில் 12ஏஒய்7, அதன் பெருக்கத் திறன் 44-க்குப் பக்கம். மார்ஷலில் இசிசி83, அது 100. உள்ளே நுழையும்போதே சிக்னல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளப்படுகிறது.
2. நெகட்டிவ் ஃபீட்பேக். வெளியே போகிற சத்தத்தில் ஒரு துளியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து ஆம்பை அடக்கி வைக்கிற ஏற்பாடு இது. பாஸ்மேன் அதை 2 ஓம் முனையிலிருந்து எடுத்தது, மார்ஷல் அதே 27 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து 16 ஓம் முனையிலிருந்து எடுத்தது. வோல்டேஜ் கணக்குப்படி திரும்பி வருவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.
3. பவர் டியூப். அமெரிக்க 5881 போய், சீக்கிரமே இங்கிலாந்தின் கேடி66 வந்தது. பிறகு இஎல்34.
4. ஸ்பீக்கர். திறந்த பெட்டியில் 10 அங்குல ஜென்சன் போய், பின்பக்கமும் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன்.

ஒரே வரைபடம், இரண்டு கண்டம், இரண்டு சத்தம். பாஸ்மேன் பளிச்சென்று விரிந்து, தள்ளினால் ஓரங்களில் மட்டும் கரகரக்கும். மார்ஷல் நடு அலைவரிசையில் குவிந்து நிற்கும். சர்க்யூட் அதேதான் என்பதால் டோனும் அதேதான் என்று சொல்கிறவருக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1990-ல் வந்த பாஸ்மேன் ரீஇஷ்யூவில் முதல் டியூப் 12ஏஎக்ஸ்7, ரெக்டிபையர் (மின்சாரத்தை டிசி-யாக மாற்றுகிற) டியூபுக்குப் பதில் அந்தக் குழியில் செருகுகிற டயோடு. அதாவது பாஸ்மேன் என்ற பெயரில் வந்தது பாதி தூரம் மார்ஷல் பக்கம் போய்விட்டது. 12ஏஒய்7 ஒன்றையும் ரெக்டிபையர் டியூப் ஒன்றையும் வாங்கிச் செருகியவர்கள் "இப்போதுதான் உண்மையான பாஸ்மேன்" என்று சொன்னது இதனால்தான். செலவு இரண்டு டியூப். பலகையைக் கையால் கட்டியதா மெஷினில் கட்டியதா என்ற கேள்வியே வரவில்லை.

இரண்டாவது குடும்பம் கறுப்பு முக ஃபெண்டர்: ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப். இதில் டோன் பட்டன்கள் முதல் டியூபை அடுத்து உடனே வருகின்றன, நடு அலைவரிசை குழிந்து, மேலும் கீழும் மின்னும். டீலக்ஸில் மிட் பட்டனே கிடையாது, உள்ளே 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். ட்வின் நாலு 6எல்6-இல் 85 வாட், நன்றாகத் தள்ளினாலும் பெரும்பாலும் கிளீன். டீலக்ஸ் இரண்டு 6வி6-இல் 22 வாட், பாதியைத் தாண்டினால் சத்தம் உடையத் தொடங்கும், அதாவது டிஸ்டார்ஷன் வரும்.

'65 டீலக்ஸ் ரீஇஷ்யூவைப் பற்றி "காதைக் குத்துகிறது" என்று ஒரு புகார் ஓயாமல் வருகிறது. காரணம் மிகச் சின்னது. வைப்ராட்டோ சேனலின் வால்யூம் பட்டனில் 47 பிக்கோஃபாரட் கபாசிட்டர் ஒன்று இருக்கிறது, வால்யூம் குறைவாக இருக்கும்போது உயர் ஒலியை மட்டும் குறுக்கு வழியில் தாண்ட விடுவதுதான் அதன் வேலை. 3-ல் வைத்தால் பல் கூசும், 6-க்கு மேலே போனால் அதன் வேலை மறைந்துவிடும். மேடைக்குச் செய்த ஆம்பை வீட்டு ஹாலில் வாசித்தால் குத்தாமல் என்ன செய்யும்? '64 கஸ்டமில் அந்தக் கபாசிட்டரை எடுத்துவிட்டார்கள், ரிவெர்பையும் (எதிரொலி) ட்ரெமோலோவையும் (சத்தம் ஏறி இறங்குகிற நடுக்கம்) இரண்டு சேனலுக்கும் கொடுத்தார்கள், ஸ்பீக்கரும் ஜென்சன் சி12கே இல்லை, சி12க்யூ. ஆகவே '64 மிருதுவாக இருக்கிறது என்று கேட்கிறவர் கேட்பது உண்மைதான், ஆனால் அந்த மிருது கை வயரிங்கிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பு. '68 கஸ்டம் இன்னும் விலகிப் போனது. ஒரு சேனலில் பாஸ்மேன் பாணி டோன் சர்க்யூட், குறைந்த ஃபீட்பேக், செலஸ்டியன் ஸ்பீக்கர். அதைப் பழைய டீலக்ஸின் நகல் என்று சொல்லவே முடியாது, நல்ல ஆம்ப் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வாக்ஸ் ஏசி30. டிக் டென்னி வடிவமைத்தது, நாலு இஎல்84, நெகட்டிவ் ஃபீட்பேக் அறவே இல்லை. அடக்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் கிளீனிலிருந்து டிஸ்டார்ஷனுக்குப் போவது எங்கே என்று கோடு போட முடியாது, விரலை அழுத்தினால் உடையும், தளர்த்தினால் தெளியும். "கிளாஸ் ஏ ஆம்ப்" (பவர் டியூப்கள் ஒரு கணமும் ஓய்வெடுக்காத வகை) என்று விளம்பரத்தில் போடுவார்கள். உண்மையில் சத்தம் கூடும்போது இது, டியூப்கள் மாறி மாறிக் கொஞ்சம் ஓய்வெடுக்கிற கிளாஸ் ஏபி-யில்தான் ஓடுகிறது. அந்தத் தன்மைக்குக் காரணம் கேத்தோடு பயாஸும் (டியூபின் ஓய்வுக் கரண்ட்டைக் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பிடித்து வைப்பது) ஃபீட்பேக் இல்லாததும்.

டோனை மாற்றுகிறவை, கனத்தின் வரிசையில்

1. ஸ்பீக்கரும் பெட்டியும். கித்தார் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் சமமாக விடுவதில்லை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும், அதற்குக் கீழே மேடும் பள்ளமும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப் சிக்னலை நேராக மிக்ஸரில் கேட்டால் கொசு ரீங்காரம் மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். வாக்ஸ் இதற்கு நல்ல சாட்சி தருகிறது: ஏசி30 சி2-இல் செலஸ்டியன் கிரீன்பேக், சி2எக்ஸ்-இல் செலஸ்டியன் அல்னிகோ புளூ. ஆம்ப் ஒன்றேதான். கம்பெனி தரும் கணக்குப்படி கிரீன்பேக் 98 டெசிபல், புளூ 100 டெசிபல். இரண்டு டெசிபல் என்பது காகிதத்தில் சின்ன எண், ஆனால் ஸ்பீக்கரில் 3 டெசிபல் கூடினால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சத்தம் மட்டுமா, புளூ மணி அடிக்கும், கிரீன்பேக் மேலே கொஞ்சம் மூடி, நடுவில் உறுமும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்கூடக் கண்டுபிடிப்பார். ஒரு ரீஇஷ்யூவின் சத்தம் பிடிக்கவில்லை என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான், நாலு திருகும் இரண்டு வயரும்தான் வேலை.

2. வால்யூமின் இடம். மேலே சொன்னதுதான், திரும்பச் சொல்லவில்லை. அட்டெனுவேட்டர் என்று ஒன்றை ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்தால் ஆம்பைத் திறந்து வைத்துக்கொண்டு அறையில் சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் சத்தம் குறையும்போது நம் காதுக்கே அடிஒலியும் மேல்ஒலியும் மங்கலாகக் கேட்கும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது, அட்டெனுவேட்டரைத் திட்டிப் பயனில்லை.

3. பயாஸும் வோல்டேஜும். பவர் டியூப் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதைத்தான் பயாஸ் என்கிறோம். குறைவாக வைத்தால் டியூப் நீண்ட நாள் உழைக்கும், சத்தம் வறண்டிருக்கும். கூட்டி வைத்தால் சத்தம் செழிக்கும், டியூப் சீக்கிரம் போகும், ரொம்பக் கூட்டினால் உள்ளே இருக்கிற சாம்பல் நிறத் தகடு இருட்டில் செங்கல் நிறத்தில் சிவப்பது கண்ணுக்கே தெரியும். அப்படிக் கண்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஒரே மாடலின் இரண்டு பெட்டிகள் வேறு வேறு பயாஸில் இருந்தால் அவற்றை ஒப்பிட்டு ரீஇஷ்யூவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை.

4. ரெக்டிபையர். மின்சாரத்தை டிசி-யாக மாற்றுகிற பாகம். டியூபாக இருந்தால் ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்து திரும்பும், அடி மெத்தென்று இறங்கும். ஆனால் டீலக்ஸிலும் ஏசி30-இலும் இருந்த ஜிஇசட்34 தொய்வு குறைந்த வகை. 5யு4 மாதிரிதான் நன்றாகத் தொய்யும். ட்வின் ரிவெர்பில் 1960களிலேயே டயோடுதான். "டியூப் ரெக்டிபையர் இல்லாவிட்டால் விண்டேஜ் இல்லை" என்கிறவர் ட்வினை எங்கே வைப்பார்?

5. டியூபின் பிராண்ட். வித்தியாசம் உண்டு, ஆனால் பேசுகிற அளவுக்கு இல்லை. டியூப்களே ரீஇஷ்யூதான் என்பதை மறக்க வேண்டாம். இன்று முல்லார்டு, டங்-சோல் என்று பெட்டியில் அச்சடித்து வருபவை ரஷ்யாவில் சரதோவ் ஆலையில் செய்பவை, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய முல்லார்டு இல்லை. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனத்து ஆலைகள், இவ்வளவுதான் பெரிய இடங்கள். 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி நிற்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் உலகம் முழுக்க டியூப் விலை எகிறியதற்கு இந்தச் சின்ன எண்ணிக்கைதான் காரணம்.

6. பிசிபியா கை வயரிங்கா. கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். ஒரே மதிப்புள்ள பாகங்களை ஒரே அமைப்பில் வைத்தால் எலக்ட்ரானுக்கு அது எந்தப் பலகை என்று தெரியாது. வயர் எந்த வழியே போகிறது என்பதால் இரைச்சலிலும் கொஞ்சம் உயர் ஒலியிலும் மாற்றம் வரலாம், அவ்வளவே. ரிப்பேரில்தான் பெரிய வித்தியாசம். டியூப் குழியை நேராக பிசிபியில் வைத்திருந்தால் வருடக்கணக்கில் சூடேறி ஆறி பற்றவைப்பு விரிசல் விடும், ஒரு பாகத்தை மாற்றப் பலகை முழுவதையும் கழற்ற வேண்டி வரும். கையால் கட்டியதில் ஈப்போவில் ரேடியோ ரிப்பேர் செய்த பழைய கைக்காரர் ஒருவர் கிடைத்தால் போதும், மூடியைத் திறந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அதற்குத்தான் அந்த இரட்டை விலை. மேடை மேடையாக ஆம்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு அது நியாயமான விலையும்கூட.

எந்த ஒரிஜினலோடு ஒப்பிடுகிறோம்?

1965-இல் ஆலையை விட்டு வெளியே வந்த டீலக்ஸின் சத்தம் எப்படி இருந்தது என்று இன்று யாரும் கேட்க முடியாது. அந்தக் காலத்து கார்பன் ரெசிஸ்டர்கள் வருடம் போகப் போக மதிப்பு ஏறும். பவர் சப்ளையில் இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் பதினைந்து இருபது வருடத்தில் வறண்டுவிடும். ஸ்பீக்கர் காகிதம் தளர்ந்திருக்கும், அல்லது யாரோ இரண்டு முறை மாற்றியிருப்பார்கள். இரண்டு ஒரிஜினல்களைப் பக்கத்தில் வைத்தால் அவற்றுக்குள் இருக்கிற வித்தியாசம், ஒரிஜினலுக்கும் ரீஇஷ்யூவுக்கும் இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். நாம் "விண்டேஜ் டோன்" என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு அறுபது வருடத் தேய்மானம். அதைப் புதுப் பெட்டியில் எதிர்பார்ப்பதும் சரியில்லை, இல்லை என்று புதுப் பெட்டியைக் குறை சொல்வதும் சரியில்லை.

வீடியோ ஒப்பீடுகளில் வேறு இரண்டு கோளாறு. ஒன்று, சத்தம் கொஞ்சம் கூடியதை நம் காது "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும், அரை ஒரு டெசிபல் போதும், சத்தம் கூடியது என்றே தெரியாது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். இரண்டு, மைக். ஸ்பீக்கரின் நடு மையத்துக்கு நேராக வைத்த மைக்கை இரண்டு விரல் அளவு ஓரத்துக்குத் தள்ளினால் பளபளப்பு குறைந்து சத்தம் இருண்டுவிடும், அந்த மாற்றம் '65-க்கும் '64-க்கும் உள்ள மாற்றத்தைவிடப் பெரியது. இரண்டு ஆம்புக்கும் மைக்கை அதே புள்ளியில் வைத்தேன், சத்தத்தை மீட்டரில் சமன் செய்தேன் என்று சொல்லாத வீடியோவை ரசிக்கலாம், அதை வைத்து வெள்ளியை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

நம் ஊர் மின்சாரமும் ஈரமும்

இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது, ஆனால் இங்கே வாங்குகிறவருக்கு இதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே காகிதத்தில் 230, பேச்சு வழக்கில் 240, 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஆம்பை நேராகச் செருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். வோல்டேஜைக் குறைக்கிற ட்ரான்ஸ்பார்மர் போட்டால் ஓடும், ஆனால் கடைகளில் கிடைக்கிற சிலது 110 வோல்ட் தரும். 120-க்குக் கணக்கிட்ட ஆம்புக்கு 110 கொடுத்தால், 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கு 5.8-க்குப் பக்கம்தான் போய்ச் சேரும், பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும், ஆம்ப் சீக்கிரம் உடையும், சத்தம் பழுப்பேறும். ராக் கித்தார் கலைஞர் எடி வேன் ஹேலன் வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்குகிற பெட்டி) வைத்து வோல்டேஜை இறக்கியது வேண்டுமென்றே செய்தது, நீங்கள் தெரியாமலே அதைச் செய்துகொண்டு "ரீஇஷ்யூவில் பஞ்ச் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்பார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும் என்பதும் உண்டு. ஆகவே 230 வோல்ட் பதிப்பாகவே வாங்குங்கள்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேடை மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்தோ, நீளமான வயரில் எங்கிருந்தோ இழுத்தோ வரும். விளக்கெல்லாம் எரியும்போது வோல்டேஜ் இறங்கும், அணைந்தால் ஏறும். டியூப் ஆம்பின் பவர் சப்ளையில் இதைச் சமன் செய்கிற ஏற்பாடு கிடையாது, மின்சாரம் ஆடினால் டோனும் ஆடும். மதியம் சவுண்ட் செக்கில் நன்றாக இருந்த ஆம்ப் இரவு தளர்ந்து ஒலித்தால் டியூபைச் சந்தேகிக்கும் முன் மீட்டரை எடுத்துச் செருகும் முனையை அளந்து பாருங்கள்.

ஈரம் ஒரிஜினல்களுக்கு எதிரி. பழைய ஃபெண்டரின் அந்தக் கறுப்பு நார் அட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியிருந்தாலும், மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். படபட சத்தமும் விளங்காத இரைச்சலும் வரும், எந்தப் பாகத்தை மாற்றினாலும் போகாது. சுற்றிலும் செம்பனை, மாலை தவறாமல் மழை என்கிற ஊரில் அறுபது வருடத்துப் பெட்டியை வாங்கி வைப்பதைவிட, ஈரம் குடிக்காத பிசிபி எவ்வளவோ மேல். பிசிபிக்கு ஒரு இடத்திலாவது வெற்றி இருக்கட்டும்.

பழைய பெட்டி ஆசை விடவில்லை என்றால் ஒன்றே ஒன்று கட்டாயம். இரண்டு முனை மின்கயிறோடு வந்திருந்தால் எர்த் உள்ள மூன்று முனைக்கு மாற்றி, மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு (உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்துக்கு) போகிற அந்தப் பழைய கபாசிட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அது ஷார்ட் ஆனால் கித்தார் கம்பியில் மின்சாரம் நிற்கும், உதடு மைக்கில் பட்டதும் சர்க்யூட் முழுமையாகும். இதை நீங்களே திறந்து செய்ய வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே இருக்கிற கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

அப்படியானால் எதை எடுப்பது

கல்யாண மண்டபத்திலும் டேவானிலும் (பொது மண்டபம்) வாசிக்கிற குழுவுக்கு எப்படியும் மைக் வைத்து பிஏ (மேடையின் பெரிய ஒலிபெருக்கி) வழியாகத்தான் சத்தம் போகும். அங்கே 22 வாட் டீலக்ஸ் தாராளம். 85 வாட் ட்வினைத் தூக்கினால் முப்பது கிலோவுக்குப் பக்கம், வால்யூம் 3-க்கு மேல் போனால் பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார். 100 வாட் மார்ஷலை உடைக்கிற அளவுக்குத் திறக்கிற இடம் நம் பக்கத்தில் இல்லை. அந்தக் குடும்பம்தான் வேண்டுமென்றால் 20 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறக்கக்கூடிய மார்ஷல் எஸ்வி20 புத்திசாலித்தனம். உடைந்தும் உடையாமலும் நிற்கிற இடம் பிடித்தவர்களுக்கு ஏசி30, முதுகு தாங்கினால்.

சர்க்யூட் பிடித்திருக்கிறது, சத்தம்தான் கொஞ்சம் கூர்மை என்பவர் '64-க்குத் தாவ வேண்டியதில்லை. '65 ரீஇஷ்யூவை எடுத்து, அந்த 47 பிக்கோஃபாரட் கபாசிட்டரின் ஒரு காலை மெக்கானிக்கிடம் வெட்டச் சொல்லி, மிருதுவான ஸ்பீக்கர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள். டோன் மாஸ்டரைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள் நிறைய, ஆனால் அது பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், டியூப் மாற்றும் செலவு இல்லை, வாட்டை இறக்கும் வசதி பின்பக்கமே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மேடை ஏறி இறங்குகிற வேலைக்கு நான் அதைத்தான் முதலில் வாசித்துப் பார்க்கச் சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு, வால்யூமைச் சமன் செய்துவிட்டு.